ஆறு இன்னிங்ஸ், ஒரு ரன்

1990 நவம்பரில் சண்டிகரில் நடந்த டெஸ்டில் இலங்கை அணி 82 ரன்னுக்குச் சுருண்டது. வெங்கடபதி ராஜு 12 ரன் மட்டும் கொடுத்து 6 விக்கெட் வீழ்த்திய ஆட்டம் என்றுதான் நம் ஊரில் அது நினைவில் இருக்கிறது. அந்தச் சரிவுக்கு நடுவே இலங்கைப் பையன் ஒருவன் முதன்முதலாக டெஸ்ட் ஆட இறங்கியிருந்தான். ஆட்டம் தொடங்கியதற்கு முந்தின நாள்தான் அவனுக்கு இருபது வயது நிறைந்திருந்தது. பெயர் மார்வன் அத்தப்பத்து. முதல் இன்னிங்ஸில் பூஜ்யம், இரண்டாவதிலும் பூஜ்யம்.

அடுத்த வாய்ப்பு கிடைக்க 1992 ஆகஸ்ட் ஆயிற்று. கொழும்பில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக, 0 மற்றும் 1. மூன்றாவது வாய்ப்பு 1994 பிப்ரவரியில், அகமதாபாத்தில். மறுபடி 0, மறுபடி 0. மூன்றேகால் ஆண்டில் மூன்று டெஸ்ட், ஆறு இன்னிங்ஸ், மொத்தம் ஒரு ரன். அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள் அவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாததில் யாரையும் குறை சொல்லவும் முடியாது.

1997இல் திரும்பி வந்தார். அந்த ஆண்டு நவம்பரில் முதல் சதம் அடித்தார், 108 ரன். அடித்த இடம் மொகாலி, அதாவது பூஜ்யத்தோடு தொடங்கிய அதே சண்டிகரின் பக்கத்து ஊர். ஓய்வு பெறும்போது 90 டெஸ்ட், 5,502 ரன், 16 சதம். அந்தப் பதினாறில் ஆறு, இரட்டைச் சதங்கள். இலங்கை அணிக்குத் தலைவராகவும் இருந்தார்.

1994இல் அகமதாபாத் மைதானத்தை விட்டு வெளியே நடந்த அந்த இளைஞனைப் பார்த்து, ‘இவன் தேறுவானா?’ என்று கேட்டிருந்தால் நீங்களும் நானும் என்ன சொல்லியிருப்போம்?

இந்தக் கேள்வி கேட்கப்படாத மைதானமே இல்லை. மணப்பாறையைச் சுற்றி அறுவடை முடிந்த வயலிலும் வற்றிய குளத்திலும் நடக்கும் டென்னிஸ் பால் டோர்னமென்ட்டில்கூட, பவுண்டரிக் கோட்டருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் இதைக் கேட்பார். போன மாதம் வரை சிக்ஸராக அடித்துக்கொண்டிருந்த பையன் திருச்சிக்கு ஆடப் போய் மூன்று ஆட்டத்தில் ஒற்றை இலக்கத்தைத் தாண்டாமல் திரும்பி வந்திருப்பான். ‘அவ்வளவுதான், ஊர்க்குளத்துப் புலி’ என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். இப்படித் தீர்ப்பு எழுதுவதைப் பற்றி அறிவியலுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அதில் பெரும்பகுதி நமக்குப் பழக்கமில்லாத ஓர் ஆட்டத்திலிருந்து கிடைத்தது.

அமெரிக்க பேஸ்பாலில் ஒரு பேட்டர் பத்து முறை களமிறங்கி மூன்று முறை சரியாக அடித்துவிட்டால் நட்சத்திரம். மீதி ஏழு முறை தோல்விதான். எனவே அவர்கள் ‘அடித்தது வகுத்தல் வாய்ப்பு’ என்ற ஒரே ஒரு பின்னத்தை நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எழுதி வைத்திருக்கிறார்கள். 0.300 என்றால் பிரமாதம், 0.200 என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மேஜர் லீக் எனப்படும் உச்ச மேடைக்குக் கீழே மைனர் லீக் படிகள் பல உண்டு. படியேறி வரும் இளைஞர்களை ஆண்டுக்கணக்கில் அளந்துகொண்டே இருக்கிறார்கள். தோல்வியை இவ்வளவு நுணுக்கமாகப் பதிவு செய்த விளையாட்டு வேறு இல்லை. புள்ளியியல் ஆட்கள் அதன் மேல் கண் வைத்ததில் ஆச்சரியமில்லை.

பிராட்லி எஃப்ரான், கார்ல் மோரிஸ் என்ற இரண்டு புள்ளியியல் அறிஞர்கள் 1970ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து பதினெட்டு பேட்டர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் முதல் 45 வாய்ப்புகளின் கணக்கு மட்டும். பட்டியலின் உச்சியில் இருந்தவர் பியூர்ட்டோ ரிக்கோவின் பெருமை ரொபர்ட்டோ கிளெமென்டே. 45இல் 18 அடித்து 0.400. கடைசியிலிருந்து இரண்டாவது இடத்தில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் இருபத்திரண்டு வயது புதுமுகம் தர்மன் மன்சன். 45இல் 8, அதாவது 0.178. அணி நம்பி இறக்கிய இளைஞன் இப்படித் திணறினால் நியூயார்க் பத்திரிகைகள் சும்மா விடுமா?

மீதிப் பருவத்தில் மன்சன் அடித்தது 0.316. அந்த ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. கிளெமென்டே 0.346க்கு இறங்கினார். அதுவும் பிரமாதம்தான், ஆனால் 0.400 இல்லை.

எஃப்ரானும் மோரிஸும் இந்தக் கதையைச் சொல்ல இதைச் செய்யவில்லை. சார்லஸ் ஸ்டைன் என்ற ஸ்டான்ஃபோர்டு கணிதவியலாளர் 1956இல் நிரூபித்த ஒரு விசித்திரத்தைச் சோதித்துப் பார்க்கத்தான் செய்தார்கள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஆட்களின் திறமையை ஒரே நேரத்தில் கணிக்க வேண்டுமென்றால், அவரவர் கணக்கை அப்படியே நம்புவதைவிட, எல்லோரையும் பொதுச் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இழுத்துவிட்டுக் கணிப்பதுதான் மொத்தத்தில் குறைவாகத் தவறும். கேட்டவுடன் அநியாயமாகப் படும். கிளெமென்டேவின் மட்டைக்கும் மன்சனின் மட்டைக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் கணக்கு அப்படித்தான் இருக்கிறது. பதினெட்டு பேரின் பொதுச் சராசரி 0.265. ஸ்டைன் வழியில் இழுத்தால் கிளெமென்டே 0.294க்கு இறங்குகிறார், மன்சன் 0.247க்கு ஏறுகிறார். இப்படிச் செய்த கணிப்புகளின் மொத்தப் பிழை, 45 வாய்ப்புக் கணக்கை அப்படியே நம்பியதன் பிழையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 1977இல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் இது வந்தபோது பலர் மீண்டும் மீண்டும் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மணப்பாறை மாட்டுச் சந்தையில் கன்று வாங்க வருபவருக்கு ஸ்டைன் யாரென்று தெரிய வேண்டியதில்லை. அவர் கன்றின் பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். கன்று அன்று சோர்ந்து தலை தொங்கி நிற்கும். லாரியில் வந்த களைப்பாக இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். உடனே முகம் சுளித்துப் போய்விட மாட்டார். தாய்ப் பசு எந்த ஊர், எவ்வளவு பால், கூடப் பிறந்தது எப்படி உழுகிறது என்று விசாரித்துவிட்டுத்தான் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார். கண்ணால் பார்த்த ஒரு மணி நேரத்துக்கு ஒரு எடை, இந்த வகைக் கன்றுகள் பொதுவாக எப்படி வளரும் என்று பல ஆண்டுகளாகத் தெரிந்ததற்கு ஒரு எடை. பார்த்த நேரம் குறையக் குறையப் பின்னதன் எடை கூட வேண்டும். ஸ்டைனின் சூத்திரத்தில் உள்ள சாரமும் அதுவே. கிரிக்கெட் தேர்வாளர்கள் மாட்டுத் தரகர்களிடம் ஒரு வாரம் பயிற்சிக்கு வரலாம். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை.

45 வாய்ப்பு என்பது எவ்வளவு சொற்பம் என்று நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். உண்மைத் திறமை 0.265 உள்ள ஒரு பேட்டர் 45 வாய்ப்பில் எட்டோ அதற்குக் குறைவாகவோ அடிப்பதற்கான நிகழ்தகவு ஏறக்குறைய எட்டில் ஒன்று. அதாவது சம திறமை கொண்ட பதினெட்டு பேரை நிறுத்தினால், எந்தக் குறையும் இல்லாமலே அவர்களில் சராசரியாக இரண்டு பேர் மன்சன் மாதிரி தோற்றமளிப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டு மட்டை பிடிப்பதை மாற்று, காலை அகட்டு, கல்யாணம் பண்ணிவை என்று ஆளுக்கொரு மருந்து சொல்வோம். அடுத்த மாதம் அவர்கள் இயல்புக்குத் திரும்புவார்கள். மருந்து வேலை செய்தது என்று நாம் மீசை முறுக்குவோம்.

இந்த மயக்கத்தை உளவியலாளர் டேனியல் கானமன் இஸ்ரேலிய விமானப் படைப் பயிற்சியாளர்களிடம் பார்த்திருக்கிறார். மோசமாக ஓட்டிய பயிற்சி விமானியைத் திட்டினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறான், நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், எனவே பாராட்டே கூடாது என்று ஒரு பயிற்சியாளர் அடித்துச் சொன்னாராம். திட்டாமல் இருந்திருந்தாலும் அவன் அடுத்த முறை தேறியிருப்பான். மிக மோசமான ஒரு முயற்சிக்கு அடுத்தது சராசரியை ஒட்டி வருவதுதான் வாடிக்கை. நம் பள்ளிகளில் பி.டி. மாஸ்டர் கையில் பிரம்பு தங்கிவிட்டதற்கு இந்தக் கணக்கு மயக்கமும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

சரி, அப்படியானால் அத்தப்பத்துவின் ஒற்றை ரன்னும் வெறும் அதிர்ஷ்டக் கோளாறா? அங்கேதான் கணக்கு இடிக்கிறது. அவர் தம் டெஸ்ட் வாழ்க்கையில் 156 இன்னிங்ஸில் 22 முறை பூஜ்யத்தில் வெளியேறியவர், அதாவது நூற்றுக்குப் பதினான்கு. அந்த விகிதத்தில் ஆடுபவருக்கு ஆறு இன்னிங்ஸில் ஐந்து பூஜ்யம் விழுவதற்கான நிகழ்தகவு மூவாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. (உலகில் இதுவரை மூவாயிரம் பேருக்கு மேல் டெஸ்ட் ஆடியிருக்கிறார்கள், யாராவது ஒருவருக்கு இது நடக்கத்தானே வேண்டும் என்று வக்கிரமான புள்ளியியல்காரர் ஒருவர் கேட்கலாம். கேட்கட்டும்.) 1990இல் களமிறங்கிய இளைஞனும் 1997இல் இறங்கிய ஆளும் ஒரே பேட்ஸ்மேன் இல்லை என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது. முதலாமவர் இன்னும் வெந்திருக்கவில்லை.

வேகவில்லை என்றால் உடம்பில் என்ன குறைகிறது? கையா, காலா, தைரியமா? பெரும்பாலும் கண். கண் என்றால் பார்வைக் கூர்மை அல்ல.

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய பந்து பேட்ஸ்மேனை அடைய ஏறக்குறைய அரை நொடி. பேஸ்பாலில் 95 மைல் வேகப் பந்துக்கு 0.4 நொடி. கண்ணில் பட்ட ஒரு மாற்றத்துக்குக் கை பதில் சொல்லவே 0.2 நொடி ஆகிவிடும். மட்டையை வீசி முடிக்க இன்னொரு பங்கு. மிச்சம் என்ன இருக்கிறது? ‘கடைசி வரை பந்தைப் பார்’ என்று எல்லா கோச்சும் சொல்கிறார்கள், யாராலும் அது முடிவதில்லை. 2000ஆம் ஆண்டில் மைக்கேல் லேண்ட், பீட்டர் மக்லாட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பேட்ஸ்மேன்களின் தலையில் கண்ணசைவைப் பதியும் கேமராவைக் கட்டிப் பார்த்தார்கள். பந்து இயந்திரத்தை விட்டு வந்ததும் ஒரு கணம் பார்க்கிறார்கள். பிறகு கண் பந்தை விட்டுவிட்டு, அது குத்தப்போகும் இடத்துக்கு முன்னதாகவே தாவி அங்கே காத்திருக்கிறது. தேர்ந்த ஆட்டக்காரரின் கண் சீக்கிரம் தாவுகிறது, சுமாரானவரின் கண் தாமதமாக. ஆக பேட்ஸ்மேன் பார்ப்பது பந்தை மட்டுமல்ல. பந்து எங்கே வரும் என்ற தன் மூளையின் ஊகத்தையும்தான்.

அந்த ஊகம் எங்கிருந்து வருகிறது? முன்பு ஆயிரக்கணக்கில் ஆடிய பந்துகளிலிருந்து. வீசுபவரின் தோள் சாய்வு, மணிக்கட்டு, தாவும் கால் எல்லாம் குறிப்புகள். பழகிய குறிப்பு மாறினால் உலகச் சாம்பியனும் தடுமாறுவார். 2004இல் ஜென்னி ஃபிஞ்ச் என்ற சாஃப்ட்பால் வீராங்கனை ஒரு காட்சி ஆட்டத்தில் ஆல்பர்ட் புஹோல்ஸ் என்ற மேஜர் லீக் மலையை அவுட்டாக்கினார். பெரிய பந்து, இடுப்பருகே கீழிருந்து மேலாக வீசியது. புஹோல்ஸின் அனிச்சைச் செயல் மந்தமாகிவிடவில்லை. அந்தத் தோளசைவுக்கு அவர் மூளையில் பதிவே இல்லை, அவ்வளவுதான்.

இதை மணப்பாறைப் பையனுக்குப் பொருத்திப் பாருங்கள். டென்னிஸ் பால் குத்தி எழும்பும் விதம் வேறு. அது காற்றில் ஸ்டிச் பால் எனப்படும் தோல் பந்து மாதிரி வளைவதில்லை. சிமெண்ட் மேல் மேட்டிங் விரித்த பிட்ச்சில் பழகியவனுக்குப் புல் பிட்ச் இன்னொரு தேசம். படி ஏறும் ஒவ்வொரு முறையும் அவன் சேர்த்து வைத்த குறிப்புகளில் பாதி பொய்யாகிவிடுகின்றன. புதியவை சேரும் வரை அவன் விழுவான், அது திறமையின்மை ஆகாது. மேல் படியில் எத்தனை பந்து அவனுக்குக் கிடைக்கிறது என்பதுதான் அவன் எவ்வளவு சீக்கிரம் எழுவான் என்பதைத் தீர்மானிக்கிறது.

அமெரிக்காவில் இதற்கு உதாரணம் கொட்டிக் கிடக்கிறது. மைக் ட்ரௌட் 2011இல் பத்தொன்பது வயதில் ஏறி 40 ஆட்டத்தில் 0.220 அடித்தார். அடுத்த ஆண்டு 0.326, சிறந்த புதுமுக வீரர். ஆரன் ஜட்ஜ் 2016இல் 84 வாய்ப்பில் சரியாகப் பாதி, 42 முறை, மூன்று ஸ்ட்ரைக் வாங்கி வெளியேறினார். அடுத்த ஆண்டு 52 ஹோம் ரன்.

ட்ரௌட்டின் கதையில் அடிக்கடி தவறவிடப்படும் செய்தி அவர் வயது. பேஸ்பால் ஆட்டக்காரர்கள் உச்சத்தைத் தொடுவது இருபத்தேழு வயதை ஒட்டி என்று பில் ஜேம்ஸ் என்ற பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் 1980களின் தொடக்கத்திலேயே கணக்கிட்டுக் காட்டினார். எனவே பத்தொன்பது வயதில் மேல் படியில் திணறுபவனும் இருபத்தாறு வயதில் அதே அளவு திணறுபவனும் ஒன்றல்ல. முன்னவனுக்கு ஏழெட்டு ஆண்டு ஏறுமுகம் பாக்கி. அந்த வயதில் அந்தப் படிக்கு அவனை அழைத்ததே ஒரு தகவல்.

இன்னொரு வகைத் திணறல் உண்டு. அது விபரீதமானது. 2004இல் ராப் கிரே என்ற உளவியல் ஆய்வாளர் தேர்ந்த பேஸ்பால் பேட்டர்களைச் செயற்கைத் திரை முன்னால் நிறுத்தி அடிக்கச் சொன்னார். மட்டை எப்படி நகர்கிறது என்று கவனித்துச் சொல்லும்படி கேட்டபோது அவர்கள் ஆட்டம் கெட்டது. புதிதாகக் கற்பவர்களுக்கோ அந்தக் கவனம் கெடுதல் செய்யவில்லை. கை தானாகச் செய்யும் வேலையை மனம் மேற்பார்வை பார்க்கத் தொடங்கினால் தேர்ந்தவன் கற்றுக்குட்டியாகிறான். ஃபார்ம் இழந்த பையனைச் சுற்றி நின்று நாலு பேர் முழங்கையைப் பற்றியும் பாதத்தைப் பற்றியும் யோசனை சொல்வது எப்படிப்பட்ட உதவி என்று இப்போது புரியும்.

ஆனால் உண்மையிலேயே முழங்கைதான் சிக்கல் என்றால்?

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் தங்கராசு நடராஜன் இருபது வயது வரை டென்னிஸ் பால் ஆடியவர். அங்கிருந்து சென்னை லீக், ஜாலி ரோவர்ஸ் கிளப் என ஏறி, 2015 ஜனவரியில் ஈடன் கார்டனில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சி ஆடினார். அந்த முதல் ஆட்டத்திலேயே அவர் பந்துவீச்சு முறை விதிக்கு உட்பட்டதா என்று சந்தேகம் எழுப்பினார்கள். பந்து வீசும்போது மடங்கிய முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது 2005 முதல் சர்வதேச விதி. வெறும் கண்ணுக்கு அந்தக் கோணம் சரியாகப் பிடிபடாது. உடம்பில் ஒளிரும் குறிகளை ஒட்டி, பல கேமராக்களால் படம் பிடித்து, மூட்டின் கோணத்தைக் கணினியில் அளக்க வேண்டும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிறுவனத்தில் உள்ள ஆய்வகம் இதற்கு ஐ.சி.சி. அங்கீகாரம் பெற்றது. சுனில் நரைன் போன்றவர்கள் அங்கே வந்து கையைக் காட்டிப் போயிருக்கிறார்கள்.

ஒரு வேகப் பந்துவீச்சாளரிடம் ‘கையை மாற்று’ என்று சொல்வது, பேசத் தெரிந்தவனிடம் மூச்சு விடும் இடங்களை மாற்றிக்கொண்டு பேசு என்பதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. பழைய பழக்கம் அழிவதில்லை. அதன் மேல் புதியதை எழுத வேண்டும், களைப்பிலும் பதற்றத்திலும் பழையது தலை நீட்டாத அளவுக்கு ஆழமாக எழுத வேண்டும். நடராஜன் ஏறக்குறைய ஓராண்டு ஒதுங்கி, சுனில் சுப்பிரமணியம் போன்ற பயிற்சியாளர்களின் துணையோடு அதைச் செய்தார். பேஸ்பாலில் ராய் ஹாலடே என்ற பந்துவீச்சாளர் இதே பாதையில் நடந்தவர். 2000ஆம் ஆண்டில் ஒன்பது இன்னிங்ஸுக்கு 10.64 ரன் வீதம் விட்டுக்கொடுத்தார். மேஜர் லீக் வரலாற்றின் மிக மோசமான பருவங்களில் ஒன்று. அணி அவரை மைனர் லீக்கின் கீழ்ப்படிக்கு அனுப்பியது. மெல் குவீன் என்ற பயிற்சியாளர் அவர் கை வரும் கோணத்தையே மாற்றினார். பிறகு சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது இரண்டு முறை, 2010இல் எதிரணியில் ஒருவரைக்கூடத் தளம் தொடவிடாத ஒரு குறையற்ற ஆட்டம், 2019இல் புகழ்மண்டபம். (புகழ்மண்டபம் சேரும்போது அவர் உயிரோடு இல்லை.)

ஆனால் நடராஜன் கதை நேர்கோடாகப் போகவில்லை. 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியது. திண்டுக்கல் அணிக்காக யார்க்கர் மேல் யார்க்கராகப் போட்டார். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பத்து லட்சம் அடிப்படை விலையிலிருந்து மூன்று கோடிக்குப் பஞ்சாப் வாங்கியது. ஆறு ஆட்டம், இரண்டு விக்கெட். அடுத்த ஏலத்தில் நாற்பது லட்சம். வாங்கிய ஹைதராபாத், 2018, 2019 இரண்டு பருவமும் பெஞ்சில் உட்கார வைத்தது. சந்தை அவரை ஏழில் ஒரு பங்குக்கும் கீழே மதிப்பிட்டதற்கு ஆதாரம் ஆறு ஆட்டம்! மன்சனின் 45 வாய்ப்புக்கு இருக்கும் மதிப்புகூட அதற்கு இல்லை. 2020இல் முழுப் பருவமும் ஆடக் கொடுத்தார்கள், 16 விக்கெட். இந்திய அணியோடு ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகப் போனார். சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம், டி20 அணியில் அவர் இடம் இவருக்கு வந்தது. 2020 டிசம்பர் 2 முதல் 2021 ஜனவரி 15 வரையில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகம். ஒரே பயணத்தில் மூன்றிலும் அறிமுகமான இந்தியர் அவருக்கு முன் யாரும் இல்லை. அப்போது வயது இருபத்தொன்பது.

வருணின் கதையும் சுருக்கமாக. 2021 டி20 உலகக் கோப்பையில் துபாயில் மூன்று ஆட்டம், ஒரு விக்கெட்கூட இல்லை. மூன்றாண்டு இந்திய அணியில் இல்லை. 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் அதே துபாயில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5.

இவ்வளவு உதாரணம் அடுக்கியதும் விழுந்தவர் எல்லோரும் எழுவார்கள் என்று தோன்றலாம். அது பொய். பிராண்டன் வுட் என்ற இளைஞர் 2005இல் மைனர் லீக்கில் 43 ஹோம் ரன் அடித்து, அமெரிக்காவின் தலைசிறந்த நம்பிக்கைகளில் ஒருவராக எண்ணப்பட்டவர். மேஜர் லீக்கில் ஐந்து பருவத்தின் மொத்தச் சராசரி 0.186. அவருக்கு வாய்ப்பு போதவில்லை என்று சொல்ல முடியாது. நம் நாட்டிலிருந்து போனவர்களும் உண்டு. 2008இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் இளைஞர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. ஹாலிவுட் படமே வந்தது. ஆனால் இருவரும் கீழ்ப்படிகளைத் தாண்டவில்லை. கையில் வேகம் இருந்தது. பத்து வயதிலிருந்து சேர்ந்திருக்க வேண்டிய குறிப்புகள் இல்லை. ரிங்கு பிறகு மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார்.

நான் சொன்ன வெற்றிக் கதைகளில் ஒரு தில்லுமுல்லு இருக்கிறது என்பதையும் கூர்ந்த வாசகர் கண்டிருப்பார். அத்தப்பத்துவின் ஆறு இன்னிங்ஸ் நமக்குத் தெரிவதற்குக் காரணம் அவருக்கு ஏழாவது இன்னிங்ஸ் கிடைத்தது. மூன்று டெஸ்டோடு நிறுத்தப்பட்டவர்களில் எத்தனை பேரிடம் இரட்டைச் சதம் இருந்தது என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தேறியவர்கள் பட்டியல் திறமையின் பட்டியல் என்று நாம் நினைக்கிறோம். அதில் பாதி, இரண்டாம் முறை பார்க்கப்பட்டவர்களின் பட்டியல்.

மணப்பாறைக்கும் திருச்சிக்கும் நடுவே இருக்கும் தூரம் இங்கேதான் கணக்கில் வருகிறது. நகரத்து அகாடமிப் பையனைத் தேர்வாளர் பத்து வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு காலை அவன் சொதப்பினால், தெரிந்த பையன், இன்று நேரம் சரியில்லை என்பார். வெளியூர்ப் பையனைப் பற்றி அவருக்குத் தெரிந்தது செலக்‌ஷன் அன்று வலையில் கிடைத்த இரண்டு மூன்று ஓவர் மட்டும். தாய்ப் பசுவை விசாரிக்காமல் கன்றை எடை போடும் வேலை அது. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை. சொற்ப எண்ணிக்கையே போதும், தூரத்துப் பையனை ஒதுக்கிவிட.

இதற்கு மருந்து பந்து எண்ணிக்கையைக் கூட்டுவது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நத்தம் அருகே என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் நடக்கின்றன, மணப்பாறையிலிருந்து அதிகத் தொலைவில்லை. நடராஜன் சின்னப்பம்பட்டியிலேயே ஒரு மைதானம் கட்டி 2023 ஜூனில் திறந்தார். இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. கிராமத்து டோர்னமென்ட்டில்கூட இப்போது செல்பேசிச் செயலியில் ஸ்கோர் ஏற்றுகிறார்கள். ஒரு பையன் பருவம் முழுக்க ஆடிய பந்துகள், யார் வீச்சில், எப்படி அவுட், எல்லாம் பதிவாகிவிடுகிறது. முன்பு குளக்கரையோடு போன கணக்கு.

டென்னிஸ் பாலில் நாற்பது ரன் என்றால் ஸ்டிச் பாலில் எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. பேஸ்பால் இதையும் சந்தித்திருக்கிறது. மைனர் லீக் கணக்கை மேஜர் லீக் கணக்காக மாற்றிப் படிக்கும் வாய்பாடு ஒன்றை பில் ஜேம்ஸ் 1985இல் வெளியிட்டார். இரண்டு படியிலும் ஆடியவர்களின் எண்களை அருகருகே வைத்தால் மாற்று விகிதம் கிடைத்துவிடும். அதில் பெரிய கணிதம் எதுவும் இல்லை. திருச்சியில் புள்ளியியல் சொல்லித்தரும் கல்லூரிகள் இருக்கின்றன, வற்றிய குளத்தில் டென்னிஸ் பாலும் சனி ஞாயிறில் டிவிஷன் ஆட்டமும் ஆடும் பையன்கள் இருக்கிறார்கள். முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவருக்கு ஒரு பருவத்து வேலை.